டிப்ளமோவும் டிகிரியும் ஒரே வீட்டில்

14 பிப்ரவரி 2022, திங்கள்

கொடியில் இரண்டு யூனிஃபார்ம் காய்கிறது. வெளிர் நீலம் நுஸ்ரத்துடையது. ரோஜா நிறம் என்னுடையது. என் மாமியார் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒரு வீட்டுக்கு எத்தன நர்சு?" என்றார். என்னிடம் கேட்டாரா, கொடியிடம் கேட்டாரா தெரியவில்லை. நான் கிளிப்பை இன்னும் கொஞ்சம் அழுத்திப் போட்டேன்.

நடந்தது இதுதான். என் நாத்தனார் நுஸ்ரத்துக்கு பி.எஸ்ஸி. நர்சிங்கில் இடம் கிடைத்தது. சேர்க்கைக்குத் துணையாக நான் போனேன். அதே வளாகத்தில் எதிர்க் கட்டடம் டிப்ளமோ பள்ளி. அதன் வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, "நீங்களும் சேரவா வந்தீங்க?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "வயசு எது வரைக்கும்?" என்று வந்துவிட்டது.

முப்பத்தைந்து வரைக்குமாம். எனக்கு இருபத்தெட்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுத்துப் படித்தவள். அதற்கப்புறம் கல்யாணம், மகள் ஹஃப்ஸா, சமையல்கட்டு. ஹஃப்ஸாவே ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள்.

குவைத்திலிருந்து மச்சான், என் வீட்டுக்காரர், போனில், "சரி சேந்துக்க, உனக்கும் பொழுது போகும்ல" என்றார். பொழுது போக்குவதற்காம். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். சரி என்றாரே, அது போதும்.

15 பிப்ரவரி 2022

முதல் நாள். வகுப்பில் எல்லோரும் என்னை அக்கா என்கிறார்கள். டீச்சர் என்று நினைத்து இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள்!

23 மார்ச் 2022

நானும் நுஸ்ரத்தும் சாப்பாட்டு மேசையில் ஒன்றாகப் படிக்கிறோம். அவளுக்கும் எலும்பு, எனக்கும் எலும்பு. அவள் புத்தகம் தடிமன், என் புத்தகம் கொஞ்சம் மெலிவு. ஒரு படத்தைக் காட்டி, "இது என்ன நரம்பு?" என்று கேட்டேன். "மச்சி, டிப்ளமோக்கு இவ்ளோ ஆழமா வேணாமே" என்றாள். அண்ணன் மனைவி என்பதால் நான் அவளுக்கு மச்சி.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சின்னப் பெண். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. நோயாளி வந்து, "நீங்க டிப்ளமோ படிச்சவங்களா, அப்போ எனக்குக் கொஞ்சமா வலிக்கட்டும்" என்றா சொல்லப் போகிறார்?

அவள் தூங்கப் போன பிறகு அந்தப் பாடம் முழுவதையும் அவள் புத்தகத்திலேயே படித்தேன்.

8 ஆகஸ்ட் 2022

முதல் முறையாக அவள் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் ஒரே வார்டில் பயிற்சி. வந்ததுமே பிரித்துவிட்டார்கள். "டிப்ளமோ பிள்ளைங்க கட்டிலுக்கு விரிப்பு மாத்துங்க. டிகிரி பிள்ளைங்க இங்க வாங்க." ஒரு பெரியவருக்குக் காலில் சர்க்கரைப் புண். அதற்கு மருந்து வைத்துக் கட்டுவதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

என் பங்கு கட்டில்களை முடித்தேன். நேராகப் போய் நீல யூனிஃபார்ம்களுக்குப் பின்னால் நின்றேன்.

சொல்லிக் கொடுத்த மேடம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்க?"

"டிப்ளமோ மேடம்."

"அதான் தெரியுதே. இங்க என்ன?"

"கட்டில் போட்டாச்சு மேடம். பாக்குறேன்."

யாரோ சிரித்தார்கள். நுஸ்ரத் என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பக்கத்துப் பெண் அவளிடம் ஏதோ கேட்க, தோளைக் குலுக்கினாள். தெரியாதவளைப் பற்றிக் கேட்டால் குலுக்குவார்களே, அப்படி.

நான் நகரவில்லை. கட்டு முடியும் வரை நின்றேன்.

9 ஆகஸ்ட் 2022

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது நுஸ்ரத் கேட்டாள், "எல்லார் முன்னாடியும் ஏன் மச்சி அப்படி வந்து நின்னீங்க?"

"நான் யாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொன்ன?"

அரசலாற்றுப் பாலம் தாண்டி, கடைத்தெரு தாண்டி, வீடு வந்ததும் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

20 ஜனவரி 2023

முதல் வருடம் தேறிவிட்டேன். நுஸ்ரத்தும்தான். நுஸ்ரத்தின் வாப்பா, என் மாமா, கடைத்தெருவிலிருந்து அல்வா வாங்கிவந்து என் கையில் ஒன்று, அவள் கையில் ஒன்று கொடுத்தார். இரண்டு பொட்டலமும் ஒரே அளவு. இந்த வீட்டில் அவர் ஒருவர்தான் டிப்ளமோவா டிகிரியா என்று கேட்டதில்லை. கிளிஞ்சல்மேட்டு ஆட்களுக்கு வலையும் கயிறும் விற்றே வாழ்ந்தவர். கடையை விட்ட பிறகும் சேக் பரீது பாய் என்றால் கடற்கரையில் எல்லோருக்கும் தெரியும்.

11 ஜூன் 2023, ஞாயிறு

மாமாவுக்குப் பக்கவாதம்.

காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். வாயின் ஓரம் டீ வழிந்தது. சட்டையில் கொட்டியது அவருக்குத் தெரியவில்லை. நுஸ்ரத்தும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். அவள் ஆட்டோவுக்கு ஓடினாள், நான் அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். இங்கே ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

யா அல்லாஹ். வேறென்ன எழுத.

24 ஜூன் 2023

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். வலது கை, வலது கால் அசைவில்லை. பேச்சு வரவில்லை. நாம் பேசுவது எல்லாம் புரிகிறது. அதுதான் கொடுமை.

மாமிக்கு முட்டி வலி, அவரைத் தூக்க முடியாது. டயப்பர் மாற்ற நான் போனேன். கைலியில் கை வைத்ததும் இடது கையால் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவே கண்ணீர். ஆஸ்பத்திரியில் முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். எனக்குக் கை கூசியதே இல்லை. இவருக்குச் செய்யவும் கூசவில்லை. கூசியது அவருக்கு. மருமகள் முன்னால் இப்படிக் கிடக்கிறோமே என்று.

இதை யாரிடம் சொல்வது? மாமியிடம் சொன்னேன். "நீ நர்சு தானே, அதெல்லாம் போகப் போகப் பழகிடும்" என்றார். எனக்குப் பழகும் மாமி. அவருக்கு?

2 ஜூலை 2023, ஞாயிறு

பெருநாளுக்கு வந்த ஜவஹர் அலி மாமா இன்னும் ஊருக்குப் போகவில்லை. மாமியின் அண்ணன், அவர் சொல்தான் இந்த வீட்டில் கடைசிச் சொல். இன்று எல்லோரையும் உட்கார வைத்தார். போனில் ஸ்பீக்கரில் மச்சான்.

"படுத்துக் கெடக்குற மச்சான் சேக் பரீதப் பாத்துக்க வீட்டுல ஆளு வேணும். நுஸ்ரத் படிக்கிறது டிகிரி. அதக் கெடுக்கக் கூடாது. சுஹைனா படிக்கிறது டிப்ளமோ தானே. ஒரு வருஷம் நிறுத்தி வைக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

போனில் மச்சான், "ஆமா சுஹைனா, அதான் சரி" என்றார். ஏற்கெனவே பேசி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நுஸ்ரத் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"முடியாது மாமா" என்றேன்.

இந்த வீட்டில் நான் அந்த வார்த்தையை இதற்கு முன் சொன்னதில்லை போலிருக்கிறது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"என்னா பேச்சு பேசுற?" என்று மாமி எழுந்தார்.

"ஒரு வருஷம்னு சொல்லுவீங்க. அடுத்த வருஷம் வேற ஒண்ணு வரும். நிறுத்தின பொம்பளைங்க யாரு திரும்பப் போயிருக்கா? ஒருத்தரக் காட்டுங்க, நான் நிறுத்துறேன்."

ஒருத்தரும் ஒருத்தரையும் காட்டவில்லை.

3 ஜூலை 2023

மாமி என்னோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் வைக்கும்போது கரண்டி மட்டும் பேசியது.

5 ஜூலை 2023

எங்கள் வகுப்பு டீச்சர் மங்கையர்க்கரசி மேடம் கூப்பிட்டார். நிறைய லீவு எடுத்துவிட்டேன். "வகுப்புல வராம போனத எப்படியாவது சமாளிக்கலாம். வார்டுல நிக்க வேண்டிய நேரத்த உனக்காக வேற யாரும் நிக்க முடியாது. அத முடிக்கலன்னா பரீட்சைக்கு விடமாட்டாங்க, தெரியும்ல?"

"வீட்டுல நிறுத்தச் சொல்றாங்க மேடம்."

"நீ என்ன சொன்ன?"

"முடியாதுன்னேன்."

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "அப்ப இங்க ஏன் நிக்கிற? வார்டுக்கு நேரமாச்சு, போ."

மாலையில் நுஸ்ரத் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. "மச்சி, நான் நிறுத்துறேன். என் வாப்பா தானே. நான் பாத்துக்கிறேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இவள் மேல் இல்லை. இத்தனை பேர் இருக்கும் வீட்டில், நிறுத்துவதற்கு நாங்கள் இரண்டு பேர்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம். ஏன்?

"நீயும் நிறுத்தக் கூடாது, நானும் நிறுத்த மாட்டேன்" என்றேன். "உங்க வாப்பாவுக்கு ஒரு மவன் இருக்காருல்ல?"

வாயைப் பிளந்து பார்த்தாள். நானும் அதை அப்போதுதான் முதல் முறையாகக் காதால் கேட்டேன்.

7 ஜூலை 2023, வெள்ளி

ஜும்ஆ முடிந்து மச்சான் பேசும் நேரம். மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். போன் வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு. வந்ததைச் சொன்னேன்.

"நீங்க வாங்க மச்சான்."

"எதுக்கு?"

"வாப்பாவப் பாத்துக்க."

சிரித்தார். நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றது. "நான் வந்தா வீடு எப்படி ஓடும்? வேலை போயிடும் சுஹைனா."

"கொஞ்ச நாள் இறுக்கிப் பிடிச்சு ஓட்டுவோம். மாமாவுக்கு நான் தொட்டாலே கண்ணுல தண்ணி வருது. பகலுக்கு ஓர் ஆள வச்சோம். அவர மாமா கிட்டயே விடல, அவரும் ரெண்டாம் நாளே போயிட்டாரு. உங்க கை பட்டா அழமாட்டாரு. நான் பாக்காம இல்ல, நுஸ்ரத்தும் பாக்குறா. ஆனா எங்க படிப்ப வெட்டி அதுல கட்டு போட முடியாது."

"புருஷனுக்கே நீ பாடம் நடத்துறியா?"

"கேக்குறேன் மச்சான். பாடம் நடத்தல."

வைத்துவிட்டார்.

எழுத்து கோணலா வருது. தப்பா கேட்டுட்டேனா? இல்ல. தப்பில்ல. தப்பில்ல.

16 ஜூலை 2023

மச்சான் என்னைக் கூப்பிடவில்லை. மாமியிடம் பேசுகிறார், நுஸ்ரத்திடம் பேசுகிறார், ஹஃப்ஸாவிடம் கொஞ்சுகிறார். போன் எனக்கு வருவதற்குள் கட் ஆகிவிடுகிறது.

தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. "புருஷன் சம்பாத்தியத்துக்கே உலை வைக்கிறாளாம்." என் உம்மாகூட போன் பண்ணி, "கொஞ்சம் இறங்கிப் போயேம்மா" என்றார். எங்கே இறங்குவது? நான் நிற்பதே தரைதான்.

காலையில் நான் வார்டுக்குப் போகிறேன், மதியம் நுஸ்ரத் ஓடிவருகிறாள், சாயங்காலம் நான். மாமா எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார்.

29 ஜூலை 2023, சனி

வந்துவிட்டார்.

யாரிடமும் சொல்லவில்லை. திருச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, பெட்டியோடு வாசலில் நிற்கிறார். ஹஃப்ஸா கத்திக்கொண்டு ஓடினாள். என்னைப் பார்த்து, "லீவுல வந்திருக்கேன்" என்றார். அவ்வளவுதான். கோபம் முகத்தில் அப்படியே இருக்கிறது.

நேராக வாப்பா கட்டிலுக்குப் போனார். மாமா இடது கையைத் தூக்கி மகன் கன்னத்தைத் தொட்டார். நான் அங்கே நிற்கவில்லை.

1 ஆகஸ்ட் 2023

கதவைச் சாத்திக்கொண்டு மச்சானே மாமாவைக் குளிப்பாட்டினார். நேரமானது. வாளி உருண்ட சத்தம். "வலிக்குதா வாப்பா?" என்ற சத்தம். வெளியே வந்தபோது சட்டை முழுக்க ஈரம், கண் சிவந்திருந்தது. அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"சுஹைனா... ஒரு பக்கமா எப்படித் திருப்புறது? நான் இழுத்தா வலிக்குது அவருக்கு."

வந்த நாளிலிருந்து என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"நீங்க படுங்க" என்றேன்.

"நானா?"

"நீங்கதான் இப்ப பேஷண்டு."

படுத்தார். முட்டியை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, என் பக்கமாக உருட்டினேன். சிரமமே இல்லாமல் திரும்பினார். ஆச்சரியத்தில், "ஏய்!" என்றார். கதவிடுக்கில் நுஸ்ரத் சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள். அவரும் சிரித்துவிட்டார். பிறகு சிரித்தது தப்பு என்பதுபோல முகத்தை இறுக்கிக்கொண்டார்.

பரவாயில்லை. ஒருதடவை சிரித்தாச்சு.

20 ஆகஸ்ட் 2023

தெருக்கோடி வீட்டம்மா நான் காதில் வாங்கட்டும் என்றே சொன்னாள்: "மருமவ புஸ்தகத்தத் தூக்கிட்டுப் போறா, மவன் பீ அள்ளுறான். காலம்."

ஆமா. அவங்க வாப்பா பீ. அவர்தான் அள்ளணும்.

14 அக்டோபர் 2023

விடுபட்ட வார்டு நேரத்தை விடுமுறையில் நின்று முடித்துக்கொண்டிருக்கிறேன். பிரசவ வார்டு. இன்று நீல யூனிஃபார்ம் கூட்டமும் வந்தது. ஒரு பெண், "டிப்ளமோ அக்கா, அந்த ட்ரேய எடுங்க" என்றாள். நான் எடுப்பதற்குள் நுஸ்ரத் முன்னால் வந்தாள். "அவங்களுக்குப் பேரு இருக்கு. சுஹைனா. என் அண்ணன் பொண்டாட்டி, எங்க மச்சி. ட்ரே உன் கைக்கிட்டதான இருக்கு?"

அந்தப் பெண் தானே எடுத்துக்கொண்டாள். நுஸ்ரத் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது.

11 டிசம்பர் 2023, திங்கள்

இரண்டாம் வருடப் பரீட்சை ஆரம்பம். விடிந்ததிலிருந்து அடைமழை. மச்சானுக்குக் காய்ச்சல், எழவே முடியவில்லை. மாமிக்குக் குளிரில் முட்டி மடங்கவில்லை. நுஸ்ரத்துக்கும் இன்று பரீட்சை. மாமா கட்டில் பக்கத்தில் நின்று யோசித்தேன். போகவா? இருக்கவா? இன்றைக்கு ஒரு நாள்...

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணி, எதற்கோ மல்லுக்கட்டியது. பிறகு வந்தது.

"போ."

எனக்குக் கேட்டது சரிதானா என்று குனிந்தேன். இடது கையால் வாசலைக் காட்டினார். "போ... ம்மா."

மச்சான் காய்ச்சலோடு எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "நீ கிளம்பு. நான் இருக்கேன்."

நானும் நுஸ்ரத்தும் ஒரே மழைக்கோட்டை மாற்றி மாற்றித் தலைக்குப் பிடித்துக்கொண்டு போனோம். இரண்டு பேருமே தொப்பலாக நனைந்துதான் எழுதினோம்.

6 பிப்ரவரி 2024

சண்டை. பெரிய சண்டை.

குவைத் வேலை போய்விட்டது. லீவை நீட்டிக்கொண்டே போனார், அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். விசாவும் முடிந்தது. "நீ அன்னிக்கே கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தா எனக்கு இது வந்திருக்காது" என்றார். கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

அவர் இழந்தது நிஜம். அதை இல்லை என்று எழுதமாட்டேன். குவைத்தில் வேலை பார்த்த கடையில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது, நண்பர்கள் இருந்தார்கள், அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. ஆனால் அவருக்குப் பதிலாக நான் இழந்திருந்தால், இந்த வீட்டில் யாருக்கும் அது இழப்பு என்றே தெரிந்திருக்காது. "சுஹைனா வீட்டுல இருக்கா" என்று சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான்.

இதை அவரிடமும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனாலும் முழுசாகச் சொன்னேன்.

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு, "அது உண்மதான்" என்றார்.

18 மார்ச் 2024

நோன்போடு அறுவை சிகிச்சை வார்டு. கால் கடுக்கிறது. வீட்டுக்கு வந்தால் மச்சான் பள்ளிவாசலிலிருந்து நோன்புக்கஞ்சி வாங்கிவந்து, வாப்பாவுக்கு ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருக்கிறார். மாமா இப்போது சுவரைப் பார்ப்பதில்லை.

3 மே 2024

மச்சானுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில், லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை. ஷிஃப்ட் முறை. சட்டைக் காலரெல்லாம் நிலக்கரித் தூள். துவைத்தால் போகவில்லை. "குவைத்துல ஏசி ரூம்ல இருந்தேன்" என்று முனகுகிறார். முனகட்டும்! இரண்டு பேரும் ஷிஃப்ட் பார்த்து மாமாவைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். யாருக்கு எப்போது என்று மாமிதான் கணக்காகச் சொல்கிறார்.

2 செப்டம்பர் 2024

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கட்டிலிலிருந்து வாசல் வரை. மகன் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். நான் பின்னால் நாற்காலியோடு.

27 ஜூன் 2025

டிப்ளமோ முடித்துவிட்டேன். முதல் வகுப்பு. மங்கையர்க்கரசி மேடம் போன் பண்ணி வாழ்த்துகூடச் சொல்லவில்லை. "போஸ்ட் பேசிக் எப்ப போடப் போற?" என்றார். டிப்ளமோ முடித்தவர்கள் இரண்டு வருடத்தில் டிகிரி எடுக்கும் படிப்பு அது.

"இப்பதான மேடம் முடிச்சேன்."

"அதான் கேக்குறேன்."

மச்சானிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் ரெண்டு வருஷமா?" என்றார். நான் நிமிர்ந்தேன். என்ன பதில் சொல்வது என்று தயாராகவே இருந்தேன். "நர்சா பதிவு பண்ணி முடிஞ்சதும் போட்டுடு. தள்ளிப் போட்டா போயிடும்" என்று சொல்லிவிட்டு மறுசோறு கேட்டார்.

சண்டை போட வைத்திருந்த வார்த்தை எல்லாம் வீண். குழம்பை ஊற்றினேன்.

17 நவம்பர் 2025, திங்கள்

இன்றிலிருந்து எனக்கும் டிகிரி வகுப்பு. நுஸ்ரத்துக்கு இது கடைசி வருடம். காலையில் ஒரே வண்டியில் ஒரே கட்டடத்துக்குப் போனோம். அவள் வகுப்பு மாடியில், என் வகுப்பு கீழே.

சாயங்காலம் வந்தால் ஜவஹர் அலி மாமா குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மகளுக்குக் கல்யாணம் பேசுகிறார்களாம், பி.காம். இரண்டாம் வருடத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் படிப்பை நிறுத்தச் சொல்கிறார்களாம். அந்தப் பெண் மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், உள்ளே வரவில்லை.

"நிறுத்திட்டுப் பொறவு படிக்கலாம்ல, என்ன ஜொஹரா?" என்று ஜவஹர் அலி மாமா மாமியிடம் கேட்டார்.

மாமி வெற்றிலையை மடித்தார். அவசரப்படவில்லை. தன் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்.

"எங்க வூட்டுலயும் நிறுத்திப் பாத்தோம்ல நானா? அவ நிக்கல. இப்ப என்ன கெட்டுப் போச்சு? புள்ளைய முடிக்க விட்டுட்டுப் பேசு."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து, "சுஹைனா, வந்துட்டியா? அந்தப் புள்ளைக்கு டீ போட்டுக் குடு, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றார்.

டீ போட்டேன். அந்தப் பெண்ணை அடுப்படிக்கே கூப்பிட்டுக்கொண்டேன்.